உள்ளே வைக்கும் கரண்ட்

"வீட்டுக்குப் போனதும் பேத்தியைத் தூக்கலாமா?" கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முதல் உட்கதிர்ச் சிகிச்சைக்கு முந்தின நாள் அத்தை என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். மும்பை சீட்டா கேம்பில் இருக்கிறார். 1976இல் ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்து அங்கே குடிவைத்தார்களே, அந்தக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. சிறுவயதிலிருந்தே கதிர்வீச்சு என்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபத்து அவருக்கு. அதையே கருப்பைவாய்க்குள் வைக்கப்போகிறோம் என்று டாக்டர் சொன்னால் பயம் வராமல் எப்படி இருக்கும்?

தூக்கலாம். அன்றைக்கே தூக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

நம்மவர்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் சிகிச்சை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சுமார் ஐந்து வாரம் வெளியிலிருந்து. ஆனால் கட்டியை முழுமையாக அழிக்கும் அளவுக்கு வெளியிலிருந்தே கொடுத்தால், முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையும் பின்னால் இருக்கும் மலக்குடலும் வெந்து போகும். அதனால் இரண்டாம் கட்டத்தில் கதிர் தரும் பொருளையே கட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். இதுதான் உட்கதிர். பொதுவாக அந்தப் பொருள் இரிடியம்-192 என்னும் கதிரியக்க உலோகம். நீளம் 3.5 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஒரு சீரகத்தைவிடச் சிறியது. மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

கற்பூரத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுடருக்கு அருகில் கை சுடும், ஒரு சாண் தள்ளினால் சூடே தெரியாது. இங்கும் அப்படித்தான். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் விழும் கதிர், இரண்டு சென்டிமீட்டரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்பதில் ஒரு பங்கு. கட்டி முழு வேகத்தையும் வாங்கிக்கொள்ள, சற்றுத் தள்ளியிருக்கும் உறுப்புகள் தப்பித்துக்கொள்கின்றன. நேரம் முடிந்ததும் கம்பி தன் பாதுகாப்புப் பெட்டிக்குத் திரும்பிவிடும். வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வருபவர்மேல் வெயில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. இந்தக் கதிரும் அப்படியே. தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு வகை. அது சில நாட்கள் உடம்புக்குள்ளேயே இருக்கும், அதனால் தனிமை தேவைப்படும். யாரோ அயோடின் வாங்கியவர் சொன்னது காதுக்குக் காது வந்து அத்தையைப் பேத்தியிடமிருந்து பிரிக்கப் பார்த்தது.

கதிர் பாயும்போது எதுவும் தெரியாது. சுடாது, குத்தாது. அன்றைய நாளில் கடினமானது காத்திருப்புதான். முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ உலோகக் குழாய்களைப் பொருத்துகிறார்கள். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் விலகி நிற்பதற்காகக் காஸ் துணியைத் திணித்து அடைக்கிறார்கள். பிறகு ஸ்கேன். கம்பி எந்தப் புள்ளியில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று மருத்துவ இயற்பியலாளர் கணக்குப் போடுகிறார். அதுவரை சில மணி நேரம் மல்லாந்தே கிடக்க வேண்டும். குழாய் நகர்ந்தால் கணக்கு தவறிவிடும் என்பதால் இடுப்பை அசைக்கக்கூடாது. கைவிரல்களை அசைக்கலாம், பேசலாம்.

முதல் முறை இதையெல்லாம் யாரும் அத்தைக்கு விளக்கவில்லை. சிறுநீர் முட்டுகிறது, படுக்கை நனைந்துவிடுமோ என்று கூச்சத்தில் வாய் திறக்காமல் இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சிறுநீருக்கென்று தனியாகப் போட்டிருந்த குழாய் வழியே அது பையில் வடிந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குழாயின் நுனியில் இருக்கும் சிறு பலூன் சிறுநீர்ப்பையின் வாயை உரசும். நிறைந்துவிட்டது என்று மூளை தவறாகப் புரிந்துகொள்ளும். இந்த ஒரு வரியை முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு வேதனை மிச்சமாகியிருக்கும்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயந்தால் இடுப்புக்கூட்டின் அடித்தசைகள் தாமாகவே இறுகும். இறுகிய தசை குழாயை அழுத்தும், அது வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும். இந்த வளையத்தை அவிழ்க்க மூச்சு உதவும். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும், தசையும் தளரும். மூச்சுப் பயிற்சி, இசை, மனத்துக்குள் ஒரு காட்சியை ஓட்டுவது எல்லாம் பதற்றத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாம் முறை அத்தை மனத்துக்குள் மீன்குழம்பு வைத்தார். புளி கரைப்பதில் தொடங்கி, மண்சட்டி சூடேறி, வெந்தயம் சிவக்கும் வரை அவசரப்படாமல். குளிருக்குப் போர்வையும் முழங்காலுக்குக் கீழே வைக்கத் தலையணையும் அவராகவே கேட்டு வாங்கினார்.

எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்தும் கணம் பலரை உலுக்கும். கைவிட்டுப் போய்விட்டார்களே என்றிருக்கும். தினமும் பலருக்கு இதைச் செய்பவர்கள் உள்ளே நின்றால் ஆண்டுக்கணக்கில் கதிர் சேரும், அதனால்தான் வெளியே போகிறார்கள். கேமராவில் பார்க்கிறார்கள், மைக்கில் கேட்கிறார்கள். கிர்ரென்ற சத்தத்தோடு முதலில் வருவது வெறும் சோதனைக் கம்பி. வழி சரியாக இருந்தால்தான் இரிடியம் வரும். தாங்க முடியவில்லை என்று குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள். சில விநாடிகளில் கம்பி பெட்டிக்குள் திரும்பிவிடும், பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

வலி கூடுவது குழாயையும் துணியையும் எடுக்கும்போது. வலி மருந்தை அதற்கு முன்பே கேளுங்கள், வலித்த பிறகு கேட்டால் அது வேலை செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பயத்தில் ஒரு தவணையைத் தள்ளிப்போடத் தோன்றினால் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வெளிக்கதிரும் உட்கதிரும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிவது முக்கியம். இழுத்தடித்தால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு குறையும்.

வார்டில் இன்னொரு பயமும் உலவுகிறது. "அவளுக்கு எட்டு நிமிடம், எனக்குப் பதினான்கு. என் நோய்தான் முற்றியதோ?" கட்டியின் அளவும் குழாயின் அமைப்பும் நேரத்தை மாற்றும் என்பது உண்மை. ஆனால் இரிடியத்தின் வயதும் மாற்றும். 74 நாட்களில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அதே அளவு கதிரைக் கொடுக்க இருமடங்கு நேரம் ஆகும். அத்தைக்கு வாரம் ஒன்றாக முதல் மூன்று தவணை 14, 15, 16 நிமிடம் என்று ஏறியது. நான்காம் முறை எட்டு நிமிடத்தில் கதவு திறந்தது. கரண்டைக் குறைத்துவிட்டார்களோ என்று அவர் பதறியபோது, டெக்னீஷியன் பெட்டியைத் தட்டிக் காட்டினார். அந்த வாரம்தான் புது இரிடியம் மாற்றியிருந்தார்கள்.