காரமான மேக் அண்ட் சீஸ்: சாஸ் ஏன் பிரிகிறது, காரம் எங்கே ஒளிகிறது?

அமெரிக்காவில் மேக் அண்ட் சீஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1937-ல் கிராஃப்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிதான். உள்ளே மக்ரோனி, கூடவே ஒரு சீஸ் பொடிப் பொட்டலம். மக்ரோனியை வேகவைத்து, பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறினால் வேலை முடிந்தது. சாஸ் திரியாது, குழந்தைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடும். அதையே பெரியவர்கள் நாக்குக்கு ஏற்றபடி, முதிர்ந்த செடார் சீஸும் மிளகாயும் போட்டுச் செய்யப் போனால் இரண்டு சங்கடங்கள் வரும். சாஸ் மணல்மணலாகி, மேலே எண்ணெய் மிதக்கும். போட்ட மிளகாயில் பாதி எங்கே போனது என்றே தெரியாது. இரண்டிலுமே பாலின் முக்கியப் புரதமான கேசீனுக்குப் பங்கு உண்டு.

சீஸ் என்பது கேசீனால் பின்னிய வலை. வலையின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். கண்ணிகளுக்குள் கொழுப்பும் நீரும் சிக்கியிருக்கின்றன. சூடேறும்போது முதலில் கொழுப்பு உருகும். செடார் போன்ற சீஸ் 65 டிகிரி செல்சியஸ் அளவில் நன்றாக இளகி ஓடும். அதற்கு மேலும் தீயைக் கூட்டிக்கொண்டே போனால் புரதம் சுருங்கி இறுகி, உள்ளே இருந்த கொழுப்பையும் நீரையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நாக்கில் நெருடுவது இறுகிய கேசீன். மேலே மிதப்பது பால்கொழுப்பு.

இதில் சீஸின் வயது முக்கியம். இளம் சீஸில் கேசீன் இழைகள் நீளமானவை. கொழுப்புத் துளிகளைச் சுற்றி நின்று அவற்றைக் கலந்த நிலையிலேயே வைத்திருக்கும். ஒன்றிரண்டு வருடம் முதிர்ந்த செடாரில் நொதிகள் அந்த இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டிருக்கும். அந்தத் துண்டுகளால்தான் முதிர்ந்த சீஸுக்கு அவ்வளவு சுவை; அவற்றால்தான் அது சாஸில் சீக்கிரம் பிரிந்தும் போகிறது. சுவைக்கு ஒரு சீஸ், பதத்துக்கு இன்னொன்று என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதே சரியான வழி.

நான்கு பேருக்கு 250 கிராம் மக்ரோனி என்றால், 150 கிராம் முதிர்ந்த செடார், 100 கிராம் மான்டரே ஜாக் அல்லது கௌடா போன்ற இளம் சீஸ், 50 கிராம் பதப்படுத்திய சீஸ். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மூக்கைச் சுளிக்க வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சீஸ் ஸ்லைஸ் உறையின் பின்பக்கம் 331, 339 போன்ற எண்கள் இருக்கும். 331 என்பது சோடியம் சிட்ரேட். அது கேசீனைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. கட்டு தளர்ந்த கேசீன் ஒரு பக்கம் நீரோடும் மறுபக்கம் கொழுப்போடும் ஒட்டி நிற்கும்; சாஸ் பிரியாது. 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஷ்டெட்லரும் எமென்டல் சீஸில் செய்து காட்டியது இதைத்தான். ஸ்லைஸில் இருக்கும் இந்தச் சிட்ரேட் உப்பு பக்கத்தில் கிடக்கும் செடாருக்கும் சேர்த்து உழைக்கும்.

சாஸைக் கெட்டியாக்க வழக்கமாகச் சேர்க்கும் மைதாவே இல்லாமல், முழுக்க முதிர்ந்த செடாரில் செய்ய விரும்பினால் சிட்ரேட்டை நேரடியாகவே பயன்படுத்தலாம்: 250 கிராம் செடார், 250 மில்லி பால், 8 கிராம் சோடியம் சிட்ரேட். கடையில் கிடைக்காவிட்டால், 6 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் 8 கிராம் சமையல் சோடாவையும் கொஞ்சம் வெந்நீரில் கரையுங்கள். நுரை முழுக்க அடங்கியதும் கையில் இருப்பது ஏறக்குறைய அதே 8 கிராம் சிட்ரேட்தான். நுரை அடங்குவதற்குள் பாலில் ஊற்றினால் அமிலம் பாலைத் திரித்துவிடும். சோடியம் நிறையச் சேருவதால் சாஸில் தனியாக உப்பு போட வேண்டியதில்லை.

மைதா வழியில் ஸ்டார்ச்தான் காவல். அது கொதிநீரில் வீங்கி, கேசீன் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் நிற்கிறது. 30 கிராம் வெண்ணெயில் 25 கிராம் மைதாவைச் சிறுதீயில் இரண்டு நிமிடம், நிறம் மாறாமல், பச்சை வாசனை போக வறுக்க வேண்டும். அடுத்து மிளகாய்த்தூள். பிறகு 500 மில்லி கொழுப்புள்ள பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விஸ்க்கால் விடாமல் கலக்கி, ஒரு கொதி வரும்வரை காய்ச்சுங்கள். கொதி வராவிட்டால் மாவு முழுக்க வீங்காது. சாஸ் நீர்த்தே இருக்கும்.

இனி அடுப்பை அணைத்துவிடுங்கள். இந்தப் பதார்த்தம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொதிக்கும் பாலில் சீஸைக் கொட்டினால், சட்டியின் அடியில் படும் சீஸ் உருகுவதற்கு முன்பே இறுகத் தொடங்கும். மூன்று நான்கு நிமிடம் ஆறி, 70 டிகிரிக்கு வந்ததும் துருவிய சீஸை ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கலக்க வேண்டும். முந்தைய பிடி கரைந்த பிறகே அடுத்தது. துருவியே விற்கும் சீஸ் வேண்டாம். இழைகள் ஒட்டாமலிருக்க அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸ் பொடியோ தூவியிருப்பார்கள். சாஸில் அது மாவுமாவாகத் தெரியும்.

அடுத்தது காரம். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நீரில் ஏறக்குறைய கரையாது, கொழுப்பில் கரையும். நாக்கின் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தொட்டால்தான் எரிச்சல் தெரியும். அந்த ஏற்பியை 1997-ல் அடையாளம் கண்டது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு. அவருக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. சீஸ் சாஸில் கேப்சைசின் கொழுப்புத் துளிகளுக்குள் புகுந்துவிடுகிறது. மீதியில் ஒரு பங்கைக் கேசீன் பிடித்துக்கொள்கிறது. எனவே காரம் தாமதமாகவும் மழுங்கலாகவும் எட்டும். சாஸை ருசி பார்த்து, காரம் போதவில்லை என்று உடனே இன்னொரு கரண்டி போட்டுவிடாதீர்கள். அரை நிமிடம் பொறுத்தால் தொண்டைப் பக்கம் ஏறும். அதே ஏற்பி 43 டிகிரிக்கு மேல் வெறும் சூட்டுக்கும் திறந்துகொள்ளும். ஆவி பறக்கும்போது சுரீரென்று இருப்பது ஆறியபின் சாதுவாகிவிடும். ஆகவே பரிமாறும் சூட்டில் ருசி பாருங்கள்.

காரத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் பிரித்து வைப்பது நல்லது. அடித்தளத்துக்கு, வறுத்த மைதாவில் பால் ஊற்றுவதற்குச் சற்று முன் அரைத் தேக்கரண்டி கெயென் மிளகாய்த்தூளும், ஒரு தேக்கரண்டி சிபோட்லே தூளும் போட்டு முப்பது வினாடி மட்டும் கிளறுங்கள். சிபோட்லே என்பது பழுத்த ஹலபேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. காரத்தைவிட அதன் புகை மணமே நமக்கு வேண்டியது. கெயெனுக்குப் பதில் குண்டூர் மிளகாய்த்தூள் தாராளமாகப் போடலாம். நேரம் கூடினால் தூள் கருகிக் கமறும். அந்தக் கசப்பை எந்தச் சீஸும் மறைக்காது.

கடுகின் வேலை வேறு. அதன் காரம் ஆவியாகி மூக்குக்கு ஏறுவது. சீஸின் கனத்தை வெட்டுவதற்கு அதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் காய்ந்த கடுகுப் பொடியில் காரம் தயாராக இல்லை. தண்ணீர் பட்ட பிறகே ஒரு நொதி அதை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். ஒரு தேக்கரண்டி பொடியைக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்திருந்து, சீஸெல்லாம் கரைந்த பிறகு கடைசியாகச் சேருங்கள்.

மூன்றாவது, சாஸுக்கு வெளியே. இரண்டு ஹலபேன்யோவைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் நீர் வற்ற வதக்கி, ஒரு கைப்பிடி ரொட்டித் தூளோடு பொன்னிறமாக வறுத்து மேலே தூவுங்கள். கொழுப்புக் குழம்பில் மூழ்காததால் அந்தக் காரம் நேராக நாக்கைத் தொடும். காரம் குறைய வேண்டுமானால் விதையை அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டை நீக்குங்கள். கேப்சைசின் உருவாவது அங்கேதான். வினிகரில் ஊறிய ஹலபேன்யோவை மட்டும் சாஸில் கொட்ட வேண்டாம். அமிலத்தன்மை 4.6 பிஎச்சை நெருங்கினால் கேசீன் திரளும். அதைப் பிழிந்து, தட்டில் வைத்த பிறகு மேலே போடுங்கள்.

மக்ரோனியை, ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் உப்பு போட்டு, உறையில் சொன்னதைவிட இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். அது சாஸிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; எனவே கலக்கும்போது சாஸ் தேவைக்கு மேல் நீர்த்ததாகத் தெரிந்தால்தான் சரி. ஓவனில் அரை மணி நேரம் வைப்பது வீண் வேலை: பார்த்துப் பார்த்துச் சேர்த்த சாஸ் அங்கே மறுபடி பிரியும். மேல்புறம் மட்டும் சிவக்க, கிரில்லுக்கு அடியில் மூன்று நிமிடம் போதும்.

சாஸ் பிரிந்துவிட்டால் உடனே இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி சூடான பாலும் ஒரு சீஸ் ஸ்லைஸும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. ஆவி வெளியேற மூடியைச் சற்றுத் தளர்த்தி, மேலே துணியைப் போட்டு அழுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் திரும்பக் கலந்துவிடும். இறுகிய மணல் துணுக்குகள் கரையாது, பொடியாகும், அவ்வளவே. மீந்ததை மறுநாள் சுடவைக்கும்போதும் ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி பால் விட்டு, மைக்ரோவேவில் பாதித் திறனில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள்.