இரண்டு புட்டி, ஒரு கடிகாரம்

“புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் அம்மாவுக்குத் திடீர்க் காய்ச்சல். மார்பில் பொருத்திய குழாயிலிருந்து ரத்தம் எடுத்தவர்கள், கையிலும் குத்தி எடுத்தார்கள். உடம்பு முழுக்க ஒரே ரத்தம்தானே?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஒரே ரத்தம்தான். ஆனால் கிருமி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது.

கீமோவால், கிருமிகளோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் குறையும். மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் ஆபத்துதான். சீழ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்களே. அவை இல்லாத உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்? குழாய் நுழையும் இடம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே கிருமி குடித்தனம் நடத்தும். பல நேரம் காய்ச்சல்தான் ஒரே துப்பு. அதுவும் குடலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ கிளம்பியிருக்கலாம். சந்தேகத்துக்காகக் குழாயைப் பிடுங்கிவிடவும் முடியாது, அடுத்த மருந்தை எதன் வழியே ஏற்றுவது?

சரி, குழாயைக் கழற்றாமலே அதன்மீது குற்றத்தை நிரூபிப்பது எப்படி? இரண்டு ரத்தத்தையும் சம அளவில், ஒரே நேரத்தில் எடுத்து, கிருமி வளர்க்கும் இரண்டு புட்டிகளில் ஊற்றிக் கருவிக்குள் வைக்கிறார்கள். கிருமி பெருகப் பெருக கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். புட்டியின் அடியிலுள்ள உணரி அதைக் கண்டதும் நிறம் மாறும். கருவி நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டி ஒட்டியிருந்தால், அதன் வழியே வரும் ரத்தத்தில் அவை ஏராளமாக வரும். கைக்கு வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தில் கரைந்துவிடும். குழாய்ப் புட்டியில் 64 மடங்கு கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவை இரட்டிப்பானால், கைப் புட்டி அந்த அளவை எட்ட ஆறு இரட்டிப்புகள் வேண்டும். அதாவது 2 மணி நேரம். மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லையும் அதுவேதான்: இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, குழாய்ப் புட்டி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தினால், குழாயே மூலம் என்று கொள்வார்கள்.

கிருமிகளின் தலையை எண்ணாமல் நேரத்தை எண்ணுகிற இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கருவியின் கடிகாரத்தை உற்றுப் பார்த்ததுதான் முதலீடு. இப்படிப்பட்ட யோசனைக்கு ஆய்வுநிதி கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள்! ஒரு புட்டியில் ரத்தம் குறைந்தாலோ, கருவிக்குத் தாமதமாகப் போனாலோ பந்தயம் கெட்டுவிடும் என்பது வேறு விஷயம்.

முடிவுக்காக ஆன்டிபயாட்டிக் காத்திருக்காது. ரத்தம் எடுத்த கையோடு ஏற்றிவிடுவார்கள். அப்புறம், சிக்கியது தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்றால், குழாய்க்குள் மருந்தை நிரப்பி அடைத்து அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸோ காண்டிடா பூஞ்சையோ என்றால், பெரும்பாலும் குழாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.