முதல் ரிட்டுக்சிமாப் டிரிப் ஏன் அத்தனை மெதுவாக ஏறுகிறது?

பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இரண்டு பாட்டில் ஏறி முடிந்திருக்கும். நம் நோயாளிக்கு மட்டும் சொட்டு எண்ணி எண்ணி விழும். ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்ற பதைப்பில், கூட இருப்பவர் டிரிப் குழாயிலுள்ள உருளையை லேசாகத் தள்ளிவிடுவதும் உண்டு. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சி.எல்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கும் ஏற்றும் ரிட்டுக்சிமாப் பாட்டில் தொங்கும்போது அந்த உருளையைத் தொடவே கூடாது.

வழக்கமான கீமோ, வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் தாக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். ரிட்டுக்சிமாப் ஓர் ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட இலக்கை மட்டும் பிடிக்கும் புரதம். 'பி' வகை வெள்ளணுக்களின் மேல்பரப்பில் சி.டி.20 என்றொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். மருந்து அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நம் எதிர்ப்பு மண்டலமே அந்தச் செல்லை உடைக்கும். புற்றுநோய் பிடித்த பி செல்லுக்கும் நல்ல பி செல்லுக்கும் மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய்ச் செல்லில் சி.டி.20 இல்லாததால், நல்ல பி செல்கள் சிகிச்சை முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் திரும்பி வளர்கின்றன. அமெரிக்காவில் 1997-ல் அனுமதி பெற்ற மருந்து இது. 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 'ரெடிடக்ஸ்' என்ற பெயரில் இதற்கு இணையான மருந்தைக் கொண்டுவந்தது.

முதல் முறை ஏற்றும்போது ரத்தத்தில் பி செல்கள் ஏராளம். அவை மொத்தமாக உடைந்தால் உள்ளிருக்கும் ரசாயனங்களும், எதிர்ப்பு மண்டலம் கொட்டும் ரசாயனங்களும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கும். குளிர் நடுக்கம், காய்ச்சல், பிரஷர் இறங்குவது எல்லாம் அதன் விளைவு. மெதுவாக ஏற்றினால் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடையும், உடலும் தாங்கும்.

கணக்கைப் பார்ப்போம். உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ என்றால் உடல் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 375 மி.கி. வீதம் 600 மி.கி. வேண்டும். 500 மி.கி. குப்பி ஒன்று, 100 மி.கி. குப்பி ஒன்று, இரண்டும் சேர்ந்து 60 மி.லி. 500 மி.லி. சலைனிலிருந்து 60 மி.லி.யை எடுத்துவிட்டு மருந்தைச் சேர்த்தால், ஒரு மி.லி.யில் 1.2 மி.கி. இருக்கும். முதல் அரை மணி நேரம் மணிக்கு 50 மி.கி. ஒத்துக்கொண்டால் அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டலாம். உச்சம் மணிக்கு 400 மி.கி. எங்கும் நிறுத்தாமல் போனாலே மூன்றேகால் மணி நேரம். முதல் முறை அப்படித் தடையில்லாமல் முடியும் என்று நம்பி பஸ்ஸுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம்.

கவனியுங்கள், இதெல்லாம் மில்லிகிராம் கணக்கு. டிரிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்ப்புக்குத் தெரிந்தது மில்லிலிட்டர் மட்டும். மேலே சொன்ன பாட்டிலில் மணிக்கு 50 மி.கி. என்பது 42 மி.லி.; பம்ப் இல்லாத இடத்தில், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 14 சொட்டு. அதே 600 மி.கி.யை 250 மி.லி. சலைனில் கலந்துவிட்டு, பழக்கதோஷத்தில் பம்ப்பில் 50 என்று அழுத்தினால் மணிக்கு 120 மி.கி. ஏறும். தொடக்கத்திலேயே இரண்டு மடங்குக்கு மேல்! பாட்டிலின் லேபிளில் மொத்த மி.கி., மொத்த மி.லி. இரண்டையும் எழுதிவைப்பது இந்தத் தவறைத் தடுக்கத்தான்.

டிரிப் தொடங்க அரை மணி முன்னதாக பாராசிட்டமாலும் அலர்ஜி மருந்தும், பெரும்பாலும் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அலர்ஜி மருந்து தூக்கத்தைத் தள்ளும். நோயாளி தூங்கட்டுமே என்று விடுவது பாசம்தான். ஆனால் எதிர்வினை பெரும்பாலும் தலைகாட்டும் முதல் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் அதே தூக்க நேரம். வேகம் கூட்டும் ஒவ்வொரு முறையும் எழுப்பி, பிரஷர் பார்த்து, எப்படியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரிய நடுக்கத்துக்கு முன்பே சின்ன அறிகுறிகள் வரும்: தொண்டையில் கரகரப்பு, காதுக்குள் அரிப்பு, மூக்கடைப்பு, வறட்டு இருமல். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி சொல்வார். நர்ஸைக் கூப்பிடுங்கள். டிரிப்பை நிறுத்தி மருந்து கொடுத்து, எல்லாம் அடங்கியபின் பாதி வேகத்தில் மறுபடி தொடங்குவார்கள். மூச்சிரைப்பு, முகம் வீங்குவது, பிரஷர் வெகுவாக இறங்குவது என்றால் கதை வேறு. அன்றைக்கு மறுபடி ஏற்றுவதா என்பதையே மருத்துவர்தான் முடிவு செய்வார். சாதாரண எதிர்வினை அடுத்தடுத்த முறைகளில் குறைந்துகொண்டே போகும், உடைவதற்குச் செல்கள் குறைவாக இருப்பதால். உண்மையான அலர்ஜி அப்படிக் குறையாது.

சி.எல்.எல். நோயாளிக்கு வெள்ளணு எண்ணிக்கை 25,000-க்கு மேல் இருந்தால் முதல் டோஸை இரண்டு நாளாகப் பிரிப்பது வழக்கம். கூடவே நிறையத் தண்ணீர், யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால். உடைந்த செல்களின் கழிவு சிறுநீரகத்தை அடைக்காமல் இருக்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் அன்று காலை அதை நிறுத்த வேண்டுமா என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளட்டும். பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே நிறுத்தச் சொல்வதுண்டு.

மருந்தை வெளியே வாங்கிவரும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இதன் இடம் 2 முதல் 8 டிகிரி. வெயிலைவிட ஐஸ்கட்டியால் கெடும் குப்பிகள் உண்டு: ஐஸ் மேலேயே வைத்தால் உறைந்துபோகும், உறைந்ததை ஏற்ற முடியாது. குப்பிக்கும் ஐஸ் பேக்குக்கும் நடுவில் ஒரு துண்டு இருக்கட்டும். குலுக்கவும் கூடாது, புரதம் நுரைத்துத் திரியும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறவிடப்படுவது டிரிப்புக்கு முன்பு எடுக்க வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி எப்போதோ வந்து, நோயாளிக்கே தெரியாமல் ஆறியிருக்கும். வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் சுருண்டு கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பதில் பி செல்களுக்குப் பங்குண்டு. அவற்றை மருந்து அழித்ததும் வைரஸ் எழுந்துகொள்ளும், கல்லீரல் செயலிழந்து உயிர் போனதும் உண்டு. வழக்கமாக எடுக்கும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையில் இந்தப் பழைய தொற்று தெரியாது. ஆன்டி ஹெச்.பி.சி. என்ற இரண்டாவது பரிசோதனையில்தான் தெரியும். ரிப்போர்ட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டில் எது பாசிட்டிவ் ஆனாலும் என்டெகாவிர் போன்ற, வைரஸை அடக்கும் மாத்திரையைத் தினமும் போடச் சொல்வார்கள். கடைசி டிரிப் முடிந்து ஸ்கேனும் சுத்தமாக வந்தபின், ஒரு தொந்தரவும் இல்லையே என்று இதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். கடைசி டோஸுக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம், பலருக்கு 18 மாதம் தொடர வேண்டும். நிறுத்தியபின் இன்னும் ஓராண்டு கல்லீரல் பரிசோதனை. கண் மஞ்சளித்து கீழாநெல்லி தேடும் நாள் வந்தால், முதலில் கையில் எடுக்க வேண்டியது பழைய டிஸ்சார்ஜ் தாள். அதில் ரிட்டுக்சிமாப் என்ற பெயரும் கடைசி டோஸின் தேதியும் இருக்கும்.