குவெரி தொங்கினால் இண்டெக்ஸை மட்டும் பார்க்காதீர்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்ட ஆபீஸ்களுக்கு டேட்டாபேஸ் வேலை செய்து கொடுக்கிறேன். அடிக்கடி வரும் முறைப்பாடு, ஒரு ஆளின் விபரத்தைத் திறந்தால் ஸ்கிரீன் அப்படியே நின்றுவிடுகிறது என்பதுதான். அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, குவெரி, தொங்குகிறது. உடனே இண்டெக்ஸ் (வரியைச் சீக்கிரம் தேடிப்பிடிக்க உதவும் அட்டவணை) போடு, ராம் கூட்டு என்பார்கள். அதற்கு முன் அந்த டேபிளுக்குள் என்ன கிடக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறவருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் காசு.

பெயரும் சேமலாப நிதி (ஈபிஎஃப்) இலக்கமும் இருக்கிற அதே டேபிளிலேயே பிறப்புச் சான்றிதழ் ஸ்கேனையும் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் பண்ணி, சுருக்காமல் வைத்தால் 100 எம்பியைத் தாண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் அந்த பைட்டியாவை (படம் போன்ற பைட்டுகளை வைக்கும் கொலம் வகை) எழுத்து வடிவில் அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்தாகி, 200 எம்பிக்கு மேல் போய்விடும். மலைக்குள் ஃபோர்ஜி ரவுட்டரை நம்பியிருக்கிற ஆபீஸ் அதை எப்படி இழுக்கும்? பெயர் மட்டும் வேண்டிய இடத்தில் எல்லாக் கொலத்தையும் கேட்கும் 'செலக்ட் ஸ்டார்' எழுதியதால் வந்த வினை.

ஆளை ஏமாற்றுவது, குவெரிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் போஸ்ட்கிரெஸ் கட்டளையான எக்ஸ்பிளெயின் அனலைஸ். அது குவெரியை உண்மையாகவே ஓட்டும், ஆனால் கிடைத்த வரிகளை அனுப்பாது, டோஸ்ட் டேபிள் என்ற பக்க டேபிளில் தனியாகக் கிடக்கும் பெரிய மதிப்பை அனுப்புவதற்காக வெளியே எடுக்கவும் மாட்டாது, அதனால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது என்று காட்டும். 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17ஆம் பதிப்பில் சீரியலைஸ் என்ற தெரிவு இருக்கிறது. சேர்த்து ஓட்டினால் மறைந்திருந்த செலவு தெரியும், நெட்வொர்க் நேரம் மட்டும் அப்போதும் தெரியாது. அதற்கு, குவெரி தொங்கும்போதே, இப்போது என்ன ஓடுகிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள். எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் வெயிட் ஈவென்டில் கிளையன்ட்ரைட் என்று நின்றால், சேர்வர் அனுப்பத் தயார், வாங்குகிற பக்கம்தான் தாமதம். மைஎஸ்கியூஎல் என்ற மற்ற டேட்டாபேஸ் என்றால் புரொசெஸ்லிஸ்டில் 'சென்டிங் டு கிளையன்ட்' என்று நிற்கும்.

எந்த வரி பெருத்திருக்கிறது என்று போஸ்ட்கிரெஸில் பைட் எண்ணிக்கை தரும் ஆக்டெட்_லெங்த் சொல்லிவிடும், பைட்டியா முழுவதையும் வாசிக்காமலே.

சரி, என்ன செய்வது? ஸ்கேனைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள், தேவையான கொலம்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். புரோகிராம் ஜாவாவில் என்றால் ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் தானாக முடித்துப் பதிவது) நிறுத்தி, ஒரு தடவைக்கு எத்தனை வரி என்று ஃபெட்ச் சைஸ் கொடுத்தால்தான் டிரைவர் வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். ஒரே வரியே 100 எம்பி என்றால் அதுவும் உதவாது, ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தரும் சப்ஸ்ட்ரிங்கால் துண்டு துண்டாக வாங்க வேண்டும். அந்தக் கொலத்தின் ஸ்டோரேஜை எக்ஸ்டேர்னல் (சுருக்காமல் தனியே வைப்பது) ஆக்கினால் துண்டாக வாங்குவது வேகமாகும், ஆனால் அந்த மாற்றம் இனி எழுதப்படும் மதிப்புகளுக்குத்தான்.

வேகத்துக்காக ஒரிஜினலைச் சுருக்கிவிட்டு அழித்துவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தோட்டத்து ஆட்களின் பழைய ஆவணங்களில் ஒரே பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், சேமலாப நிதி எடுக்கப் போகும்போது அந்த ஒரு எழுத்துக்காகத்தான் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஸ்கிரீனில் காட்டச் சின்னப் பிரதி ஒன்று போதும்.