பக்குவம்: ஒரு வடசொல்லும் அதன் தமிழ்ப் பதமும்

கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுகிறார். விரலால் திரட்டி எடுத்துத் தட்டில் போடுகிறார். ‘டங்’ என்று ஓசை வந்தால் "பதம் வந்துருச்சு" என்கிறார். அவரே தம் மகனைப் பற்றிப் பேசும்போது "அவனுக்கு இன்னும் பக்குவம் பத்தாது" என்பார். பாகுக்குப் பதம், மகனுக்குப் பக்குவம். பேச்சில் தானாக அமைந்த இந்தப் பிரிவை எழுத்துத்தமிழ் அடிக்கடி குழப்பிவிடுகிறது.

பக்குவம் வடசொல். ‘சமை’ என்று பொருள்படும் ‘பச்’ என்னும் சமற்கிருத வினையடியிலிருந்து ‘பக்வ’ வந்தது. சமைந்தது, பழுத்தது என்று இரண்டும் அதற்குப் பொருள். தமிழுக்கு வந்தபோது ‘க்வ’ என்ற கூட்டெழுத்து நம் வாய்க்கு ஒத்துவராததால் நடுவே உகரம் நுழைந்தது, கடைசியில் ‘அம்’ சேர்ந்தது. ‘தத்வ’ தத்துவம் ஆனதும் இதே வழியில்தான்.

அந்த வினையடியிலிருந்து ‘பாக’ என்னும் பெயரும் பிறந்தது. நளபாகத்தில் உள்ள பாகம் இதுவே. பங்கு என்று பொருள்படும் பாகம் வேறு. கன்னடத்தில் ‘பாக’ என்றால் சர்க்கரைப்பாகு. மைசூர்பாகின் பின்பாதி அதுதான். சைவ சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்பார்கள். உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம், அதாவது ஆணவம் என்னும் அழுக்கு, பழுத்து விலகும் நிலைக்கு வருவது. அடுப்படிச் சொல் எவ்வளவு உயரம் போயிருக்கிறது பாருங்கள்.

இந்தியில் ‘பக்வ’ தேய்ந்து ‘பக்கா’ ஆனது. ‘பக்கா பிளான்’ என்று சொல்லும்போது ‘நன்றாக வெந்த திட்டம்’ என்றுதான் சொல்கிறோம். பக்கோடாவையும் ‘பக்வவட’ என்ற தொடரிலிருந்து வந்ததாகவே சொல்லாராய்ச்சியாளர் காட்டுவர். வடமொழிக்கு உறவான ஐரோப்பிய மொழிகளிலும் இதே வேர் உண்டு. ஆங்கிலத்தின் ‘குக்’ லத்தீன் வழியாகவும், இரைப்பையில் சுரக்கும் ‘பெப்சின்’ கிரேக்கம் வழியாகவும் வந்தவை. சமைப்பதையும் செரிப்பதையும் ஒரே வேரால் குறித்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் பதம். உடனே ஒரு மறுப்பு வரும்: ‘பதமும் வடமொழிதானே?’ அடி, சொல், பாட்டு என்ற பொருள்களில் வரும் பதம் வடமொழிதான். பகுபதம், பகாப்பதம் எல்லாம் அந்தக் கணக்கு. ஒரு பொருளின் ஏற்ற நிலையைக் குறிக்கும் பதம் வேறு சொல். ஒலி மட்டும் ஒன்று. சான்று கன்னடத்தில் இருக்கிறது. தமிழின் பால் அங்கே ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’. அதே ஒலிமாற்றத்தில் நம் பதம் அங்கே ‘ஹத’ ஆகியிருக்கிறது. ஏற்ற நிலை என்றே பொருள். வடமொழிப் பதமோ கன்னடத்தில் ‘பத’ என்றே நிற்கிறது. தெலுங்கில் ‘பதனு’ என்றால் உழவுக்கேற்ற மண்ணின் ஈரம், கத்தியின் கூர்மை. திருக்குறளிலும் (548) ‘எண்பதத்தான்’, ‘தண்பதத்தான்’ என்று வருகிறது. எளிதில் காணத்தக்க நிலையில் இருப்பவன், தாழ்ந்த நிலைக்கு வருபவன் என்று பொருள். பாதத்துக்கும் பாட்டுக்கும் அங்கே வேலையில்லை.

பதம் எவ்வளவு துல்லியமான சொல் என்பதைப் பாகில் பார்க்கலாம். பாகின் பதம் என்பது அதில் மிச்சமிருக்கும் தண்ணீரின் அளவுதான். நீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறும், ஆறியபின் இறுக்கமும் கூடும். விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால் ஒற்றை இழை நிற்பது கம்பிப்பதம். தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, எடுத்து உருட்டினால் மெத்தென்று உருளும் நிலை ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். அப்போது பாகில் சுமார் 85 விழுக்காடு சர்க்கரை, மீதி நீர். உருண்டை அழுத்தினாலும் அமுங்காமல் கெட்டியாக நிற்பது உருட்டுப்பதம். 121 முதல் 130 வரை. படக்கென்று கண்ணாடி போல உடையும் பதம் 146க்கு மேல். நீர் ஒரு விழுக்காடு அளவே தங்கும். இவை வெள்ளைச் சர்க்கரைக்கான கணக்கு. வெல்லத்தில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அளவு சற்று முன்பின் ஆகும். அதனால்தான் வெல்லப்பாகுக்கு வெப்பமானியைவிடக் கிண்ணத்துத் தண்ணீர் நம்பகமானது.

அதிரசம் இந்தச் சோதனையில் கறாரானது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். மாவு பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதுவே மாவின் ஈரப்பதம். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெல்லம், அது கரையக் கால் கப் தண்ணீர். தண்ணீர் கொஞ்சம் கூடினால் பாகு கெடாது, வற்ற நேரம்தான் கூடும். கரைந்ததும் வடிகட்டி மண்ணை நீக்கிவிட்டு மறுபடி கொதிக்கவிடுங்கள். தண்ணீரில் விட்ட சொட்டு, உருட்டிக் கீழே வைத்தால் மெல்லத் தட்டையாகச் சரிய வேண்டும். சிலர் இதைத் தக்காளிப்பதம் என்பார்கள். பழுத்த தக்காளியைத் தொட்ட மாதிரி இருக்கும். பாகு இளசாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், எண்ணெயும் குடிக்கும். முற்றிவிட்டால் கல்லாகும். மாவு சேர்க்கும் முன்பே கண்டுகொண்டால், முற்றிய பாகில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொதிக்கவைத்துத் திரும்பப் பதம் பார்க்கலாம். கடலைமிட்டாயில் தவறு வேறு மாதிரி தெரியும்: பாகு இளசானால் மிட்டாய் பல்லில் ஒட்டும், இரண்டு நாளில் நமுத்துப் போகும்.

சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுகிறவர்களும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். எண்ணெயில் இட்ட கற்கத்தை, அதாவது அரைத்த மருந்துச் சரக்கின் விழுதை, விரலால் திரித்துப் பார்ப்பார்கள். மெழுகு போலத் திரிந்தால் மெழுகுப்பதம், மணல் போல நெறுநெறுவென்று இருந்தால் மணற்பதம். அந்தத் திரியை நெருப்பில் காட்டும்போது சடசடத்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, தைலம் இறக்கும் பதம் வரவில்லை.

பதநீரிலும் இந்தப் பதம் நிற்கிறது. பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள். தோல் பதனிடுதல், உணவைப் பதப்படுத்துதல் இரண்டிலும் கெடாத நிலைக்குக் கொண்டுவருவதே கருத்து. பின்னதைப் ‘பக்குவப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். தேவையே இல்லை.

உருவகமாக வரும்போது பதம் கொஞ்சம் குறும்பு காட்டும். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும்போது அது மாதிரி, சான்று. ‘இதமாகப் பதமாகச் சொன்னார்’ என்றால் கேட்பவர் மனம் நோகாத அளவில் சொன்னார். ‘கத்தி விரலைப் பதம் பார்த்தது’ என்றாலோ, கத்தியின் பதத்தை நாம் பார்க்கப் போக, அது நம்மைச் சோதித்துவிட்டது என்று வேலை தலைகீழாகிறது. அடியையும் வெட்டையும் சொல்லப் ‘பக்குவம் பார்த்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் பக்குவம் வரும் இடமெல்லாம் பதத்தைப் போட்டு நிரப்பக் கூடாது. பதம் பொருளின் நிலை. பக்குவத்தில் செய்கிறவரின் கைத்திறனும் கலந்திருக்கும். ‘மீன்குழம்புக்குப் பக்குவம் சொல்லு’ என்றால் கேட்பது செய்முறை. ‘பக்குவமாய்க் கிளறு’ என்பதைப் ‘பதமாய்க் கிளறு’ என்று மாற்றினால் பொருள் நிற்கும். ‘பக்குவமான பழம்’ என்பதற்குக் ‘கனிந்த பழம்’ போதும். ‘பேசுவதற்குப் பக்குவமான வேளை’ என்பதற்குச் செவ்வி என்ற பழஞ்சொல் உண்டு. இன்றைய நடையில் ‘தக்க வேளை’. ‘பக்குவமடைந்த பெண்’ என்பதற்குப் பூப்பெய்தியவள் என்றோ வயதுக்கு வந்தவள் என்றோ எழுதலாம். ‘மனப்பக்குவம்’ ஒன்றுதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ‘மனப்பதம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. அங்கே ‘மனமுதிர்ச்சி’ என்று எழுதுங்கள்.