ஈ.சி.ஜி. நார்மல்தான், அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடிக்கிறது?

அவர் சட்டைப்பையில் எப்போதும் மூன்று பொருட்கள் இருக்கும். நான்காக மடித்து மடிப்போரம் கிழிந்துபோன ஈ.சி.ஜி. தாள், இதய நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை அட்டை, மனைவியின் கைப்பேசி எண் எழுதிய துண்டுச்சீட்டு. வயது 36. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என்னிடம் வருவதற்கு முந்தைய பதினோரு மாதங்களில் ஏழு ஈ.சி.ஜி., இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட், போதாததற்கு ஒரு எண்டோஸ்கோப்பியும் எடுத்திருந்தார். எல்லாம் நார்மல். ஒவ்வொரு முறையும் "உங்களுக்கு ஒண்ணுமில்ல, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. "ஒண்ணுமில்லன்னா எனக்கு வர்றது என்னங்க டாக்டர்? நான் நடிக்கிறேனா?" என்று கேட்டார். கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

இருபது வருடங்களாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. அதற்காக அந்த மனிதருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அவருக்கு இருப்பதற்குப் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, நன்றாகக் கேட்கக்கூடிய சிகிச்சையும் இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் சொல்லாததால்தான் பதினோரு மாதங்கள் வீணாயின.

முதல் முறை வந்தது பஸ்ஸில். தர்மபுரியில் ஒரு கடைக்குக் கொலுசு கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார். தொப்பூர் கணவாயில் முன்னால் ஒரு லாரி நின்றுவிட, பஸ்ஸும் நின்றுவிட்டது. சித்திரை வெயில், நிற்க இடமில்லாத கூட்டம். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. மூச்சு உள்ளே போகாதது போல ஒரு திணறல். வேர்த்து ஊற்றி, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல மரத்து, தலை கிறுகிறுத்து, "இதோட முடிஞ்சுது" என்று தோன்றியிருக்கிறது. "உயிர் போயிட்டு வந்துச்சுங்க" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் இறக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது.

இதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறோம். தமிழில் பீதித் தாக்கம் என்று சொல்லலாம். சில நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். ஒரு முறை வந்துவிட்டால் அது நோய் என்று அர்த்தமில்லை. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, 'மறுபடி வந்துடுமோ' என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேலும் ஆட்டிவைத்து, அதற்காக நம் நடமாட்டத்தையே மாற்றிக்கொள்ளத் தொடங்கினால் அது பேனிக் டிஸார்டர். பதற்ற நோய்களில் இது ஒரு வகை. காரணமே இல்லாமல் எதற்கெடுத்தாலும் மாதக்கணக்கில் கவலைப்படுவது, நாலு பேர் முன்னால் பேச வாய் வராமல் போவது, ஊசியையோ உயரத்தையோ கண்டால் நடுங்குவது என்று வேறு வகைகளும் உண்டு. அவற்றைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019-ல் 30 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஏதாவதொரு பதற்ற நோய் இருந்தது. சிகிச்சை கிடைப்பது ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஆனால் நம் ஊரில் பெண்கள் நெஞ்சு படபடக்கிறது என்றால் 'கேஸ்', 'நரம்புத் தளர்ச்சி', இல்லையென்றால் 'காத்து கருப்பு' என்று சொல்லி, கயிறு கட்டி வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறோம்.

உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பாதி பயம் அது புரியாததால் வருவது. ஆபத்து என்று மூளை நினைத்த மறு நொடி அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும், அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சும் வேகமாகிறது. வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், உதடும் விரலும் மரத்துப்போகும், சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்ளும். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம், மரத்துப்போவதும் இன்னும் கூடும். இத்தனையும் நல்ல ஆரோக்கியமான உடம்பு செய்கிற வேலை. நாய் துரத்தும்போது இதே நெஞ்சு இதே வேகத்தில்தான் அடிக்கிறது, அப்போது நாம் ஹார்ட் அட்டாக் என்று நினைப்பதில்லை. துரத்துகிற நாயைக் காணோம் என்கிறபோதுதான் உடம்புக்குள்ளேயே காரணத்தைத் தேடுகிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சுழலைத் தெளிவாக விளக்கினார். உடம்பில் சாதாரணமாக வரும் ஒரு மாற்றத்தைப் பெரிய ஆபத்து என்று மனம் தவறாகப் படிக்கிறது. அந்தப் பயமே மாற்றத்தைப் பெரிதாக்குகிறது, பெரிதானதும் பயம் இன்னும் ஏறுகிறது. இந்த நோய் இந்தக் காலத்து அவசர வாழ்க்கையால் வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1871-லேயே ஜேக்கப் டகோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்களிடம் இதே படபடப்பையும் நெஞ்சுவலியையும் மூச்சுத்திணறலையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் பலருக்கு இதயத்தில் கோளாறு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். முதல் முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 'பேனிக்காத்தான் இருக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், நடந்தால் வலி கூடுகிறவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்பு வரும். இவற்றையெல்லாம் ஒரு முறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும். ஆனால் ஒரு முறைதான். ஏழாவது ஈ.சி.ஜி. நோயைக் கண்டுபிடிக்க எடுப்பதில்லை, அன்றைய பயத்தைத் தணிக்க எடுப்பது. அந்தத் தணிப்பு இரண்டு நாள்கூட நிற்காது.

நம் கொலுசுக்காரர் கதைக்கு வருவோம். தொப்பூருக்குப் பிறகு தர்மபுரிப் பக்கம் போவதை விட்டார். அப்புறம் ஈரோடு, நாமக்கல் வேண்டாம் என்றானது. மூன்றாவது மாதம் டவுன் பஸ். ஆறாவது மாதம் கோயில் வரிசை, கல்யாண மண்டபம். கடைசியில் முடிவெட்டப் போனால்கூட மனைவி வாசலில் நிற்க வேண்டும், கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் எழுந்து ஓட முடியாதே என்று. ஆர்டர்கள் கைவிட்டுப் போயின, பட்டறையில் இரண்டு ஆட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பதினோரு மாதங்களில் அவருக்கு உண்மையிலேயே வந்த அட்டாக் ஒன்பதோ பத்தோதான். மொத்தம் கூட்டினாலும் சில மணி நேரம்தான் வரும். மிச்ச நாளெல்லாம் அது வந்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் கரைந்தது. ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் 'போகாததால்தான் தப்பித்தோம்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. சட்டைப்பையில் இருந்த அந்த மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்தது. அவர் அதை ஒரு நாளும் வாயில் போட்டதில்லை, ஆனால் அது இல்லாமல் தெருமுனை தாண்டியதில்லை.

இரண்டாவது வாரம், மூச்சைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, "அந்த மூணையும் எடுத்து என் மேஜை மேல வைங்க" என்றேன். தயங்கித் தயங்கி வைத்தார். இதயப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன, ஆஸ்துமா இல்லை, வலிப்பு இல்லை. "இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நிமிஷம் வேகமா மூச்சு வாங்குவோம், ஓடி வந்தவங்க மாதிரி" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தொடங்கினோம். இருபதாவது நொடியில் அவர் கை வெறும் சட்டைப்பையைத் தடவியது. நாற்பதாவது நொடியில் விரல்களை விரித்துப் பார்த்தார். "வருதுங்க... இதேதான், பஸ்ல வந்தது இதேதான்." ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்தினோம். மூச்சை அடக்கச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். மூன்று நிமிடங்களுக்குள் விரல்கள் பழையபடி ஆகிவிட்டன. அவர் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "நானே வர வெச்சேன், தானாவே போயிடுச்சா?"

இது சிபிடி என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்குகிற உளவியல் சிகிச்சையின் ஒரு பகுதி. மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, நின்ற இடத்தில் ஓடுவது எல்லாம் உண்டு. பயப்படுகிற உணர்வை வேண்டுமென்றே வரவழைத்து, அதோடு உட்கார்ந்து பழகுவது. வீட்டில் தனியாக முயல வேண்டாம், பயிற்சி பெற்றவரோடு தொடங்க வேண்டும். அடுத்தது ஏணி. அவருடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பயம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக எழுதினோம். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பது, ஐந்து ரோட்டிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்டு வரை மனைவியோடு போவது, பிறகு தனியாக, ஓமலூர், கடைசி வரியில் தர்மபுரி. ஒரு படியில் பயம் வந்தால் இறங்கி ஓடக் கூடாது, அது தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

கூடவே மாத்திரையும் கொடுத்தேன். எல்லோருக்கும் தேவைப்படாது, இவருக்குத் தேவைப்பட்டது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற செரட்டோனின் மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைந்த அளவில் தொடங்குவது அதனால்தான். இவற்றுக்கு மனம் அடிமையாவதில்லை. ஆனால் நன்றாக ஆன பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை சாப்பிட்டு, மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பதற்றத்தை உடனே தணிக்கிற அல்பிரசோலம் மாத்திரையின் கதை வேறு. அரை மணியில் பயம் இறங்கிவிடும், அதுதான் சிக்கல். சில வாரங்களுக்கு, மருத்துவர் கணக்குப்படி என்றால் சரி. மாதக்கணக்கில் போனால் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கிவிடும். இந்தியாவில் 2014 முதல் இது எச்1 பட்டியலில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் பழைய சீட்டைக் காட்டியோ, தெரிந்த கடையில் கேட்டோ வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் தயவுசெய்து திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரக்கூடும். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "தைரியமா இரு" என்று சொல்வதால் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இன்னொரு பக்கம், அவர் மனைவியைப் போல எங்கும் துணைக்குப் போவதும் அன்பால் செய்வதுதான், ஆனால் அது நோய்க்குத் துணை போய்விடுகிறது. அட்டாக் வரும்போது பக்கத்தில் அமைதியாக இருந்து, "பயமா இருக்கும், கொஞ்ச நேரத்துல இறங்கிடும், நான் இருக்கேன்" என்றால் போதும். பிளாஸ்டிக் பை, காகிதப் பை எதையும் வாயில் வைத்து மூச்சு விடச் சொல்லாதீர்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் இருக்கிறார். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கொலுசுக்காரர் நான்காவது மாதம் தர்மபுரிக்குத் தனியாகப் போய் வந்தார். எட்டாவது மாதம் அவருடைய அம்மா இறந்தபோது மறுபடி இரண்டு அட்டாக் வந்தது. "எல்லாம் போச்சுங்க, முதல்லேர்ந்தா?" என்று போனில் அழுதார். திரும்ப வருவது இந்த நோயில் சகஜம் என்று முன்பே பேசியிருந்தோம், அதை நினைவுபடுத்தினேன். மூன்று நாள் கழித்து, காரியம் முடிந்த கையோடு, தொப்பூரைத் தாண்டும் பஸ்ஸில் ஏறிவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "நெஞ்சு அடிக்குதுங்க டாக்டர். அடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."