ரெனால்ட்ஸ் தீட்டிய கன்னங்கள் ஏன் வெளிறின?

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் குடும்பமாக உருவப்படம் தீட்டிக்கொள்ள விரும்பிய செல்வந்தர்கள் பலர் ஜோஷுவா ரெனால்ட்ஸைத் தேடிப் போனார்கள். 1773-இல் லேடி காக்பர்னையும் அவருடைய மூன்று மகன்களையும் தீட்டியவர் இவர்தான். 1777-78-இல் மார்ல்பரோ பிரபுவின் குடும்பத்தையே மூன்று மீட்டர் உயரத் துணியில் கொண்டுவந்தார். ஆனால் அவர் தீட்டிய முகங்கள் பலவற்றில் கன்னச் சிவப்பு, அவர் உயிரோடிருக்கும்போதே போய்விட்டது.

காரணம் கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தைப் படிகாரம் சேர்த்துத் தூளாக்கினால் கிடைக்கும் சிவப்பு அது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த வெர்மிலியன் என்ற கனிமச் சிவப்பும் அப்போது இருந்தது. அது சில சமயம் கறுக்கும், ஆனால் இப்படி வெளிறாது. அதைப் பயன்படுத்தலாமே என்று சீடர் ஜேம்ஸ் நார்த்கோட் சொன்னபோது, ரெனால்ட்ஸ் தன் கையைப் பார்த்துவிட்டு, தோலில் வெர்மிலியன் எதுவும் தெரியவில்லையே என்றாராம். அதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது போன்ற, சற்று நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த சிவப்பு கார்மைனில்தான் வரும்.

கார்மைனின் மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அந்த அமைப்பு பச்சை ஒளியை உறிஞ்சுவதால் மிச்ச ஒளி நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. ஆனால் உறிஞ்சிய ஆற்றல் மூலக்கூறைக் கிளர்த்திவிடுகிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் வினை நடந்து பிணைப்பு உடைகிறது. உடைந்த மூலக்கூறால் அந்த ஒளியை உறிஞ்ச முடியாது. நிறம் அங்கேயே முடிந்துபோகிறது.

சரி, படத்தில் அதே கார்மைனில் தீட்டிய திரைச்சீலை சிவப்பாகவே இருக்க, கன்னம் மட்டும் ஏன் வெளிற வேண்டும்? திரைச்சீலையில் சாயம் அடர்த்தி. மேலே இருக்கும் துகள்கள் அடியில் இருப்பவற்றுக்கு நிழல் தருகின்றன. கன்னத்திலோ ஈய வெள்ளையில் ஒரு சிட்டிகை கார்மைன்தான். அந்த ஈய வெள்ளை, தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் எந்தத் துகளுக்கும் மறைவு கிடைப்பதில்லை. இருப்பதே கொஞ்சம் என்பதால், அதில் சிறிது போனாலும் உடனே தெரிந்துவிடும்.

ஓவியத்தின் மேல் பூசிய வார்னிஷ் மஞ்சளித்தால் அதைத் துடைத்து எடுத்துவிடலாம். உடைந்த மூலக்கூறை ஒட்ட வழியில்லை. பாதிப்பு ஒளியின் அளவும் நேரமும் சேர்ந்து கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் எண்ணெய் ஓவியங்களுக்குப் பொதுவாகச் சுமார் 200 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) ஒளியோடு நிறுத்திக்கொள்கின்றன.